களைத்த தாய்க்கு மூன்று வாரம்: ஜெர்மனியின் தாய்மார் ஓய்வில்லங்கள் பிறந்த வரலாறு

ஜெர்மனியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அவ்வப்போது பேசப்படும் ஒரு செய்தி, ஊரில் இருக்கும் உறவினர்களைப் பெரிதும் குழப்புகிறது. பிள்ளைகளை வளர்த்துக் களைத்துப்போன ஒரு தாய், அந்தப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மலையடிவாரத்திலோ கடலோரத்திலோ ஆற்றங்கரையிலோ உள்ள ஓர் இல்லத்தில் மூன்று வாரம் தங்கிவிட்டு வருகிறார். செலவின் பெரும்பகுதியை மருத்துவக் காப்பீடு ஏற்றுக்கொள்கிறது. வேலைக்குப் போகிறவராக இருந்தால் சம்பளமும் நிற்பதில்லை. இது விடுமுறை என்றால் காப்பீட்டுப் பணத்தை இதற்கு எப்படிச் செலவிடலாம்? சிகிச்சை என்றால், அந்தத் தாய்க்கு என்ன நோய்?

இரண்டு கேள்விகளும் நியாயமானவை. இவற்றுக்கான விடை இன்றைய சட்டப் பிரிவுகளில் மட்டும் இல்லை. அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதிலும் இருக்கிறது. தாயின் களைப்பு என்பது நீண்ட காலம் யாருடைய கணக்கிலும் வராத ஒன்றாக இருந்தது. அதைக் கணக்கில் கொண்டுவர முதலில் தர்ம சிந்தனையும் பிறகு மருத்துவமும் தேவைப்பட்டன. மருத்துவத்தின் வழியாக வந்ததால் அது உரிமையாக நிலைபெற்றது. அதே காரணத்தால், வெறுமனே களைத்திருப்பது மட்டும் போதாது என்ற நிலையும் ஏற்பட்டது.

முதலில் சில சொற்கள்

கூர்: மருத்துவரின் மேற்பார்வையில், வீட்டையும் வழக்கமான சூழலையும் விட்டு விலகி, சில வாரங்கள் ஓரிடத்தில் தங்கிப் பெறும் சிகிச்சை. ஊற்று நீர், கடல் காற்று, காடு, நடை, உணவு ஒழுங்கு ஆகியவற்றை மருந்தாகக் கருதும் பழைய ஜெர்மன் மரபிலிருந்து வந்தது. லான் ஆற்றங்கரையில் உள்ள பாட் எம்ஸ், ஸாலே ஆற்றங்கரையில் உள்ள பாட் கிஸிங்கன், நாஹே ஆற்றங்கரையில் உள்ள பாட் க்ராய்ட்ஸ்நாக் போன்ற ஊர்கள் இந்த மரபில் வளர்ந்தவை.

முட்டர்-கிண்ட்-கூர்: தாயும் பிள்ளையும் சேர்ந்து செல்லும் கூர். பேச்சு வழக்குப் பெயர் இதுதான். சட்டம் இதை ‘தாய்–பிள்ளை நடவடிக்கை’ என்ற பொருளில் குறிப்பிடுகிறது.

முன்தடுப்பும் மறுவாழ்வும்: நோய் முற்றுவதற்கு முன் தடுக்கத் தருவது முன்தடுப்பு, ஏற்கெனவே உள்ள நோயின் விளைவுகளைக் குறைக்கத் தருவது மறுவாழ்வுச் சிகிச்சை. ஜெர்மனியின் சமூகச் சட்டத் தொகுப்பின் ஐந்தாம் நூலில் பிரிவு 24 முன்தடுப்பையும் பிரிவு 41 மறுவாழ்வையும் தாய் தந்தையருக்காகத் தனியே வகுத்துள்ளன. பெரும்பாலான தாய்மார் செல்வது பிரிவு 24இன் கீழ்தான்.

கிராங்கன்காஸ: சட்டப்படி இயங்கும் மருத்துவக் காப்பீட்டு அமைப்பு. ஊழியரும் முதலாளியும் சேர்ந்து செலுத்தும் சந்தாவில் நடப்பது. வருமானம் இல்லாத மனைவியும் பிள்ளைகளும் தனிச் சந்தா இன்றியே குடும்பக் காப்பீட்டில் அடங்குவர்.

விடுமுறை யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லாமல் போனது

ஏழைகளுக்கும் ஓய்வு தேவை என்ற எண்ணம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் முதலில் குழந்தைகளை முன்னிட்டே எழுந்தது. சூரிச் நகரின் பாதிரியார் வால்ட்டர் பியோன் 1876இல் நகரத்து ஏழைப் பிள்ளைகளை அப்பென்ட்சல் மலைப்பகுதிக்கு அழைத்துச் சென்றார். ‘விடுமுறைக் குடியிருப்பு’ என்ற ஏற்பாடு அங்கிருந்துதான் ஜெர்மனி உள்ளிட்ட நாடுகளுக்குப் பரவியது. 1870களில் நியூயார்க்கில் நெரிசலான குடியிருப்புகளின் நோயுற்ற குழந்தைகளை மிதக்கும் மருத்துவமனை என்று அழைக்கப்பட்ட படகில் ஏற்றி, நல்ல காற்றுக்காக நீர்வழியே அழைத்துச் சென்றார்கள். அந்தப் படகில் தாய்மாரும் இருந்தார்கள்; ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களாகத்தான் இருந்தார்கள். ஓய்வு குழந்தைக்கு; தாய் அதன் துணை.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் தொழிலாளர்களுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை சட்டமாகத் தொடங்கியது. பிரான்ஸ் 1936இல் இரண்டு வாரம் தந்தது. பிரிட்டனில் 1938இல் சட்டம் வந்தது. இவை பெரிய வெற்றிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இச்சட்டங்கள் அனைத்துக்கும் ஒரு பொது அடிப்படை இருந்தது: சம்பளம் பெறும் வேலை ஒன்று இருக்க வேண்டும், அந்த வேலையிலிருந்துதான் விடுமுறை. சமையல், துவையல், பிள்ளை வளர்ப்பு ஆகியவற்றுக்குச் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாததால் அது சட்டத்தின் பார்வையில் வேலையும் இல்லை. வேலை இல்லாத இடத்தில் விடுமுறை என்ற பேச்சுக்கே இடமில்லை. கணவருக்கு விடுமுறை கிடைத்து குடும்பம் கடற்கரைக்குப் போனால், வாடகை அறையின் சிறிய அடுப்பில் அதே சமையலைத் தொடர்ந்தவர் மனைவிதான்.

இந்த நிலையின் உடல்சார்ந்த விளைவைப் பதிவு செய்த ஆவணங்களில் முக்கியமானது பிரிட்டனில் 1933இல் அமைக்கப்பட்ட பெண்கள் உடல்நல விசாரணைக் குழு 1,250 திருமணமான பெண்களிடம் நடத்திய ஆய்வு. அதன் முடிவுகள் 1939இல் வெளிவந்தன. இரத்தசோகை, தலைவலி, முதுகுவலி, சொத்தைப் பற்கள், நாள் முழுதும் நின்றதால் வீங்கிய கால்கள் ஆகியவை பக்கத்துக்குப் பக்கம் பதிவாகியிருந்தன. மனதைத் தைக்கும் செய்தி வேறொன்று: இத்தனை உபாதைகளையும் வரிசையாகச் சொன்ன பெண்களில் பலர், ‘பொதுவாக உங்கள் உடல்நலம் எப்படி?’ என்ற கேள்விக்கு ‘நன்றாக இருக்கிறேன்’ என்றே பதில் சொல்லியிருந்தார்கள். படுக்கையில் விழாதவரை நோயாளி இல்லை என்பதே அவர்கள் தமக்கு வைத்துக்கொண்ட அளவுகோல்.

ரெட்னிட்ஸ் ஆற்றங்கரை ஊர் ஒன்று

தாயைத் துணையாக அல்லாமல் ஓய்வுக்கு உரியவராகவே பார்த்த முயற்சிகள் ஜெர்மனியில் திருச்சபை மகளிர் அமைப்புகளிடையே வளர்ந்தன. அவற்றில் பின்னாளில் பெரும் செல்வாக்குப் பெற்றது, பொருளியலில் முனைவர் பட்டம் பெற்ற அன்டோனியே நோபிட்ஷ் 1933இல் நியூரம்பெர்க்கில் தொடங்கிய பவேரியத் தாய்மார் பணி என்னும் புராட்டஸ்டன்ட் அமைப்பு. போருக்குப் பிறகு அது நியூரம்பெர்க்கை ஒட்டி ரெட்னிட்ஸ் ஆற்றங்கரையில் உள்ள ஷ்டைன் என்னும் சிற்றூரில் நிலைகொண்டது. பென்சில் தயாரிப்புக்குப் பெயர்பெற்ற அந்த ஊர், அடுத்த பல பத்தாண்டுகளுக்கு மேற்கு ஜெர்மனியின் தாய்மார் நலப் பணிகளுக்கும் தலைமையிடமாக இருந்தது.

1933 என்ற ஆண்டைக் கடந்துபோக முடியாது. அந்த ஆண்டில்தான் நாஜிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே அவர்களுடைய மக்கள் நல அமைப்பின் கீழ் ‘தாய்–சேய் உதவிப் பணி’ தொடங்கப்பட்டு, தாய்மாரை ஓய்வில்லங்களுக்கு அனுப்பும் வேலை அரசியல் கட்சியின் கைக்குப் போனது. வெளித்தோற்றத்தில் அதே இல்லம், அதே காடு, அதே ஓய்வு. ஆனால் யார் தாய் என்பதை இனக்கொள்கை தீர்மானித்தது. யூதத் தாய்மார், ரோமா இனத் தாய்மார், ‘பரம்பரைக் குறையுள்ளவர்’ என முத்திரை குத்தப்பட்டவர்கள் யாவரும் விலக்கப்பட்டார்கள்; எஞ்சியவர்கள் அதிகப் பிள்ளைகளைப் பெற வேண்டியவர்களாகப் பார்க்கப்பட்டார்கள். 1938 டிசம்பரில் அறிமுகமான ‘தாய்மைச் சிலுவை’ பதக்கம், பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்ப வெண்கலம், வெள்ளி, பொன் என்று தரப்பட்டது. தாய்க்குத் தரும் ஓய்வை அரசு தன் படைக்கும் இனவெறிக்கும் ஆள் சேர்க்கும் கருவியாக்க முடியும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று இல்லை. போருக்குப் பின் 1950இல் தாய்மார் ஓய்வுக்காக உருவான அமைப்பு அரசுத் துறையாக அமையாமல், பல அமைப்புகள் கூட்டாக நடத்தும் அறக்கட்டளையாக அமைந்ததை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும் என்பது என் கருத்து.

1950: எல்லி ஹாய்ஸ்-க்னாப்பின் அறக்கட்டளை

போர் முடிந்த ஜெர்மனியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கணவரை இழந்திருந்தார்கள். பலருடைய கணவர்கள் இன்னும் போர்க் கைதிகளாக இருந்தார்கள். திரும்பியவர்களில் பலர் உடலும் மனமும் சிதைந்து வந்தார்கள். கிழக்குப் பகுதிகளிலிருந்து விரட்டப்பட்டு வந்த லட்சக்கணக்கான குடும்பங்கள் ஒற்றை அறைகளிலும் முகாம்களிலும் ஒண்டியிருந்தன. 1946–47 குளிர்காலப் பஞ்சத்தில் இருந்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தாய்மார் பட்டினி கிடந்தார்கள். இடிபாடுகளில் செங்கல் பொறுக்கிய பெண்களின் படங்கள் இன்று வீரத்தின் அடையாளமாகக் காட்டப்படுகின்றன. அந்தப் பெண்களின் முதுகெலும்புக்கும் உறக்கத்துக்கும் என்ன ஆனது என்று கேட்டவர்கள் குறைவு.

கேட்டவர்களில் ஒருவர் எல்லி ஹாய்ஸ்-க்னாப். 1881இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில், பொருளியல் பேராசிரியர் கேயார்க் ஃப்ரீட்ரிஷ் க்னாப்பின் மகளாகப் பிறந்தவர். ஆசிரியையாகத் தகுதி பெற்றவர். 1908இல் தியோடோர் ஹாய்ஸை மணந்தார்; திருமணத்தை நடத்திவைத்தவர் ஆல்பர்ட் ஷ்வைட்சர். 1910இல் ஒரே மகன் பிறந்தபோது ஏற்பட்ட சிக்கல்களால் பிறகு குழந்தை பெற இயலாத நிலை வந்தது. உடல்நலக் குறைவு வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது.

அவருடைய வாழ்க்கையில் பலரும் அறியாத ஒரு பகுதி இந்த வரலாற்றுக்கு மிகவும் தேவையானது. நாஜி ஆட்சியில் கணவர் பதவிகளை இழந்தபோது, குடும்பத்தைக் காப்பாற்றியது எல்லியின் விளம்பரத் தொழில். வானொலி விளம்பரத்தில் ஒரு பொருளுக்கென்று தனி இசைக்குறிப்பை வைத்து, அதைக் கேட்டதுமே பொருள் நினைவுக்கு வரும்படி செய்யும் உத்தியை ஜெர்மனியில் முன்னெடுத்தவர் அவர். நிவியா உள்ளிட்ட நிறுவனங்களுக்கு அவர் விளம்பரம் செய்தார். பொதுமக்களின் மனத்தில் ஒரு செய்தியை எப்படிப் பதியவைப்பது என்பதை வயிற்றுப்பாட்டுக்காகக் கற்றுக்கொண்டவர், பின்னாளில் தாய்மாருக்காக நிதி திரட்டும் வேலையில் இறங்கினார்.

1949 செப்டம்பரில் தியோடோர் ஹாய்ஸ் மேற்கு ஜெர்மனியின் முதல் குடியரசுத் தலைவரானார். ஐந்து மாதங்களுக்குள், 1950 ஜனவரி 31 அன்று, எல்லி தாய்மார் உடல்நலமீட்பு அறக்கட்டளையைத் தொடங்கினார். அதன் ஜெர்மன் பெயர் முட்டர்கெனேஸுங்ஸ்வெர்க். நடைமுறைப் பொறுப்பை ஏற்றவர் ஷ்டைன் ஊரின் அன்டோனியே நோபிட்ஷ். அமைப்பின் கட்டமைப்பில் கவனிக்க வேண்டியவை மூன்று:

1. தொழிலாளர் நல அமைப்பு, செஞ்சிலுவைச் சங்கம், சமயச் சார்பற்ற நல அமைப்புகளின் கூட்டமைப்பு, புராட்டஸ்டன்ட் அமைப்பு, கத்தோலிக்க அமைப்பு என ஐந்து தரப்புகள் ஒரே குடையின் கீழ் வந்தன. சமயத்தாலும் அரசியலாலும் பிரிந்து நின்ற அமைப்புகளை ஒரே உண்டியலைச் சுற்றி நிறுத்தியது அக்காலத்தில் எளிய காரியம் அல்ல.

2. குடியரசுத் தலைவரின் வாழ்க்கைத் துணையே அறக்கட்டளையின் புரவலராக இருப்பது மரபாயிற்று. எல்லி 1952 ஜூலையில் மறைந்துவிட்டார். மரபு இன்றும் தொடர்கிறது.

3. நிதி முதன்மையாக மே மாதத்து அன்னையர் தினத்தை ஒட்டித் தெருவிலும் வீட்டு வாசலிலும் உண்டியல் குலுக்கித் திரட்டப்பட்டது. அன்னையர் தினம் 1920களில் ஜெர்மன் பூ வியாபாரிகள் சங்கம் பரப்பிய நாள். பிறகு நாஜிகள் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்திய நாள். அந்த நாளில் தாய்க்குப் பூங்கொத்தோடு நிறுத்தாமல் ஓய்வையும் கொடுங்கள் என்று கேட்டது விளம்பரக்காரரின் கூர்மைதான்.

இதற்குப் பின்பலமாக ஓர் அரசியலமைப்பு வாசகமும் இருந்தது. 1949 மே மாதத்து அடிப்படைச் சட்டத்தின் 6ஆம் விதி, நான்காம் உட்பிரிவு, ஒவ்வொரு தாயும் சமூகத்தின் பாதுகாப்புக்கும் பராமரிப்புக்கும் உரியவர் என்கிறது. அந்த வாசகம் தானாக ஒரு படுக்கையையும் ஒரு வேளைச் சோற்றையும் தந்துவிடாது. அவற்றைத் தந்தது உண்டியல்.

பிள்ளைகள் இல்லாத நான்கு வாரம்

தொடக்க காலத்து இல்லங்களுக்கும் இன்றைய கூர் மையங்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. அன்று தாய்மார் தனியாகப் போனார்கள். பிள்ளைகள் பாட்டியிடமோ அண்டை வீட்டிலோ நல அமைப்பு அனுப்பிய உதவியாளரிடமோ விடப்பட்டார்கள். தங்கும் காலம் பெரும்பாலும் நான்கு வாரம்.

இல்லங்கள் நகரத்தை விட்டு விலகி, ஆறு, காடு, மலை சார்ந்த இடங்களில் அமைந்ததற்குக் காற்று மட்டும் காரணம் அல்ல. களைப்பை உண்டாக்கும் இடத்திலேயே களைப்பு நீங்காது. கண்ணுக்கெதிரே துவைக்காத துணி கிடக்கும்வரை உட்கார்ந்திருக்கும் தாய் ஓய்வெடுக்கவில்லை; அடுத்த வேலையைத் தள்ளிப்போடுகிறார், அவ்வளவுதான். சூழல் மாற்றம் என்று கூர் மருத்துவம் சொல்வது இதைத்தான். தான் சமைக்காத சாப்பாட்டைச் சூடாக, உட்கார்ந்த இடத்தில், பாதியில் எழுந்திருக்காமல் சாப்பிட்டு முடிப்பது பல பெண்களுக்குத் திருமணத்துக்குப் பிறகு வாய்க்காத ஒன்று. அந்தக் காலத்து இல்லங்களில் மருத்துவம் குறைவு. உறக்கம், உணவு, நடை, கூட்டுப் பாட்டு, தம்மைப் போன்ற பிற பெண்களுடன் பேச்சு ஆகியவையே அதிகம். இன்றைய அளவுகோலில் அது விடுமுறைக்கு நெருக்கமானது. அதில் குறையொன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1970களிலும் 80களிலும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லும் முறை வலுப்பெற்றது. கூட்டுக் குடும்பம் அருகி, பிள்ளைகளை விட்டுச் செல்ல ஆள் இல்லாமல் போனது; தனித்து வளர்க்கும் தாய்மார் பெருகினார்கள்; பிள்ளைகளிடமே ஆஸ்துமா, தோல் அழற்சி, நடத்தைச் சிக்கல்கள் அதிகமாகக் கண்டறியப்பட்டன. ஆனால் ஒரு விலையும் உண்டு. பிள்ளை உடன் வரும்போது தாயின் பொறுப்பும் உடன் வருகிறது. இரவில் அழும் குழந்தை கூர் மையத்திலும் அம்மாவைத்தான் தேடும். தாய் மட்டும் தனியாகச் செல்லும் கூர் இன்றும் சட்டத்தில் இருக்கிறது. அதற்கு வாய்ப்பிருக்கும் தாய்மார் அதைக் கேட்கத் தயங்கக் கூடாது.

உண்டியலிலிருந்து சட்டத்துக்கு

தர்மத்துக்கு ஓர் இயல்பு உண்டு: கொடுப்பவரின் மனம் இருக்கும்வரை வரும். தாய்மார் ஓய்வு நிலைபெற வேண்டுமானால் அது காப்பீட்டுச் சட்டத்துக்குள் வர வேண்டியிருந்தது. அது படிப்படியாக நடந்தது.

1. 1989 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சமூகச் சட்டத் தொகுப்பின் ஐந்தாம் நூலில் தாய்மாருக்கான கூர் தனிப் பிரிவுகளாக இடம்பெற்றது. ஆனாலும் செலவை முழுதும் ஏற்பதா, ஒரு பகுதியை மட்டும் தருவதா என்பது காப்பீட்டு அமைப்பின் விருப்பத்தில் விடப்பட்டிருந்தது. துண்டு விழுந்த பணத்தைத் தாயோ நன்கொடையோ ஈடுகட்ட வேண்டியிருந்தது.

2. 2002 ஆகஸ்ட் முதல் முழுச் செலவையும் காப்பீடு ஏற்க வேண்டும் என்ற திருத்தம் வந்தது. பணம் முழுதும் தர வேண்டும் என்றான பிறகு, அனுமதி தருவதிலேயே கை இறுகியது.

3. 2007 ஏப்ரல் முதல் இது கட்டாயச் சேவையாயிற்று. மருத்துவத் தேவை நிறுவப்பட்டால் காப்பீட்டு அமைப்பு மறுக்க முடியாது என்பதே இதன் பொருள்.

4. கட்டாயம் என்று சட்டம் சொன்ன பிறகும் மறுப்புகள் குவிந்தன. ஒரே நிலையிலுள்ள இரு தாய்மாரில் ஒருவருக்கு அனுமதியும் மற்றவருக்கு மறுப்பும் வரும் நிலையை 2011இல் மத்திய தணிக்கைத் துறையே கண்டித்தது. 2012இல் விண்ணப்பங்களை மதிப்பிடுவதற்கான வழிகாட்டி திருத்தப்பட்டது. மறுப்புகள் கணிசமாகக் குறைந்தன.

5. 2013இல் அறக்கட்டளை தன் பணியைத் தந்தையருக்கும், முதியோரையோ நோயுற்றோரையோ வீட்டில் பராமரிக்கும் குடும்பத்தினருக்கும் விரித்தது. களைப்பு தாய்மையிலிருந்து பிறப்பதில்லை, பராமரிக்கும் பொறுப்பு ஒருவர் மீதே குவிவதிலிருந்து பிறக்கிறது என்ற புரிதல் இதில் இருக்கிறது.

விடுமுறையா, சிகிச்சையா?

இப்போது முதலில் எழுப்பிய கேள்விக்கு வரலாம். சட்டத்தின் விடை தெளிவானது: இது சிகிச்சை. ஜெர்மனியின் விடுமுறைச் சட்டம், இத்தகைய கூர் நாள்களை ஊழியரின் ஆண்டு விடுமுறையில் கழிக்கக் கூடாது என்கிறது. நோய்வாய்ப்பட்டபோது சம்பளம் தொடர்வது போலவே இங்கும் தொடர வேண்டும்.

சிகிச்சை என்றால் நோய் இருக்க வேண்டும், அல்லது நோய் வரும் அபாயம் இருக்க வேண்டும். அதைக் காட்ட வேண்டிய இடம் மருத்துவர் நிரப்பும் 64ஆம் எண் படிவம். 2018 அக்டோபரிலிருந்து நடைமுறையில் உள்ள இந்தப் படிவத்தில் நோய்க் குறியீடு கேட்கப்படும். உறக்கமின்மை, தொடர் தலைவலி, முதுகுவலி, மன அழுத்த அறிகுறிகள், சோர்வு நிலை ஆகியவை வழக்கமாக இடம்பெறுபவை. ஆனால் அதோடு நிற்பதில்லை. தாயின் வாழ்க்கைச் சூழலையும் படிவம் கேட்கிறது: தனித்து வளர்க்கிறாரா, நோயுற்ற உறவினரைப் பராமரிக்கிறாரா, கணவன் மனைவி உறவில் சிக்கலா, பிள்ளை வளர்ப்பில் இடர்ப்பாடா, வேலையும் வீடும் சேர்ந்த இரட்டைச் சுமையா, உதவிக்கு ஆள் இல்லையா என்பவை போன்ற செய்திகள் மருத்துவ ஆவணத்தில் ஏறுகின்றன. ஒரு பெண்ணின் வீட்டுச் சுமையை நோய்க்கான காரணமாக அதிகாரபூர்வப் படிவம் ஒன்று ஒப்புக்கொள்வது சாதாரணச் செய்தி அல்ல. 1939இன் ஆய்வில் ‘நன்றாக இருக்கிறேன்’ என்று சொன்ன பெண்களுக்கு அப்படியொரு கட்டம் யாரும் போட்டுக் கொடுக்கவில்லை.

மறுபக்கமும் உண்டு. 1950இல் களைத்திருக்கிறேன் என்று ஒரு பெண் சொன்னால், அதைப் பார்த்துப் புரிந்துகொள்ள ஊர்ச் செவிலியோ பாதிரியாரின் மனைவியோ போதுமாக இருந்தது. இன்று அதே களைப்பு நோயின் சொற்களில் எழுதப்பட வேண்டும். வெறும் களைப்பு மறுக்கப்படும். குறியீடு பெற்ற களைப்பு ஏற்கப்படும். இதன் விளைவாக, தன் நிலையை மருத்துவரிடம் விரித்துச் சொல்லத் தெரிந்த, மொழி வளமும் துணிவும் உள்ள தாய்க்கு அனுமதி எளிதாகிறது. எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு வாய் திறக்காத தாய்க்கு அரிதாகிறது. ஓய்வு அதிகம் தேவைப்படுவது பெரும்பாலும் இரண்டாமவருக்குத்தான்.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. 1950களின் ஜெர்மனியில், உழைத்துக் களைத்த ஆண் நிர்வாகிகளின் மாரடைப்பை ‘மேலாளர் நோய்’ என்று பெயரிட்டு நாளேடுகள் விவாதித்தன; அலுவலக வேலைமுறையையே மாற்ற வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. தாய்மாரின் களைப்புக்கோ நான்கு வாரம் அனுப்பிவிட்டு அதே வீட்டுக்குத் திரும்பச் செய்வதே தீர்வாக வைக்கப்பட்டது. மனைவி வேலைக்குப் போவதைக் குடும்பக் கடமையோடு பொருந்தும் அளவுக்கு மட்டும் அனுமதித்த குடும்பச் சட்டம் 1977 வரை அங்கே நடைமுறையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூர் ஒரு தாயைத் தேற்றும். சமையலறையில் யார் நிற்பது என்பதை அது மாற்றாது. அதனாலேயே கூர் வேண்டாம் என்று சொல்வது தவறு. கூர் மட்டும் போதும் என்று சொல்வதும் தவறு.

மூன்று வாரத்தில் என்ன நடக்கிறது

முதல் நாள் மருத்துவரின் விசாரணை. அதன் அடிப்படையில் ஒவ்வொரு தாய்க்கும் தனி அட்டவணை. காலையில் பிள்ளைகளை வயதுக்கேற்ற குழுக்களில் ஒப்படைத்துவிட்டு, உடற்பயிற்சி, முதுகுக்கான பயிற்சி, நீரிலும் வெந்நீர் ஒத்தடத்திலும் அமைந்த சிகிச்சைகள், தளர்வுப் பயிற்சி, உளவியலாளருடன் தனி உரையாடல், தாய்மாரின் குழு உரையாடல் என்று நாள் போகும். தாயும் பிள்ளையும் சேர்ந்து செய்யும் நேரமும் அட்டவணையில் உண்டு. சண்டையும் அவசரமும் இல்லாமல் பிள்ளையோடு இருப்பது எப்படி என்பதையே மறந்துபோனவர்களுக்கு அதுவும் சிகிச்சைதான். வீட்டில் விட்டுவந்த வேறு பிள்ளைகள் 12 வயதுக்கு உட்பட்டவர்களாக இருந்தால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு வீட்டு உதவியாளருக்கான செலவையும் காப்பீடு ஏற்கும்.

ஜெர்மனியில் வாழும் தமிழ்த் தாய்மாருக்கு

1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து ஜெர்மனியில் வேரூன்றிய குடும்பங்களிலும், அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகச் சென்ற குடும்பங்களிலும் கணிசமானவர்கள் சட்டப்படியான மருத்துவக் காப்பீட்டில் உள்ளவர்கள். ஊரில் இருந்தால் பிள்ளைப் பேற்றுக்கும் உடல் தேறுவதற்கும் தாய்வீடு இருக்கும். பிள்ளையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளச் சித்தியோ பாட்டியோ இருப்பார்கள். புலம்பெயர்ந்த வீட்டில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. ‘உதவிக்கு ஆள் இல்லை’ என்பது படிவம் கேட்கும் சூழல் காரணங்களில் ஒன்று என்பதை நம் பெண்கள் அறிந்திருக்க வேண்டும். நடைமுறை இதுதான்:

1. அறக்கட்டளையோடு இணைந்த ஆலோசனை நிலையங்கள் காரித்தாஸ் (கத்தோலிக்க நல அமைப்பு), டியாகோனி (புராட்டஸ்டன்ட் நல அமைப்பு), செஞ்சிலுவைச் சங்கம் முதலிய அமைப்புகளின் அலுவலகங்களில் நாடெங்கும் உள்ளன. ஆலோசனை இலவசம். மருத்துவரிடம் போவதற்கு முன்பே இங்கே செல்வது நல்லது.

2. குடும்ப மருத்துவரிடம் உடல் உபாதைகளோடு வீட்டுச் சூழலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிள்ளைக்கும் சிகிச்சை தேவையென்றால் குழந்தை மருத்துவரின் தனிச் சான்று வேண்டும்.

3. உள்ளூரில் மருத்துவம் பார்த்துத் தீராத பிறகுதான் வெளியூர் கூர் என்ற பொது விதி, தாய் தந்தையருக்கான முன்தடுப்புக் கூருக்குப் பொருந்தாது. ‘முதலில் இங்கேயே உடற்பயிற்சி செய்து பாருங்கள்’ என்று மறுத்தால் அது சட்டப்படி சரியான காரணம் அல்ல.

4. வழக்கமான காலம் மூன்று வாரம். தாய் நாளொன்றுக்கு 10 யூரோ செலுத்த வேண்டும். பிள்ளைகளுக்கு எதுவும் இல்லை. குறைந்த வருமானம் உள்ளவர்கள் விலக்குக் கேட்கலாம். மருத்துவ அவசரம் இருந்தாலொழிய அடுத்த கூருக்கு நான்கு ஆண்டு இடைவெளி வேண்டும்.

5. எந்த மையத்துக்குச் செல்வது என்பதில் தாயின் விருப்பத்துக்கும் சட்டத்தில் இடம் உண்டு. ஆற்றங்கரையா கடலோரமா என்பதைவிட, பிள்ளையின் வயதுக்கேற்ற கவனிப்பும் தனக்குரிய சிகிச்சையும் அங்கே இருக்கிறதா என்று பார்ப்பதே முக்கியம். குழு உரையாடல்கள் ஜெர்மன் மொழியில் நடப்பதால், மொழியில் தயக்கம் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே ஆலோசனை நிலையத்தில் சொல்லிவிட வேண்டும்.

6. மறுப்புக் கடிதம் வந்தால் ஒரு மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆட்சேபக் கடிதம் எழுதவும் ஆலோசனை நிலையம் உதவும்.

7. இடம் கிடைக்கப் பல மாதங்கள் ஆகலாம். 2020 வசந்த காலத்தில் பெருந்தொற்றால் மையங்கள் மூடப்பட்டன, பிறகு செலவுகளும் ஏறின, காத்திருப்பு நீண்டது. பள்ளி விடுமுறைக் காலத்தை மட்டும் குறிவைத்தால் இன்னும் தாமதமாகும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுக்குப் பல மையங்களில் பாட உதவி உண்டு.

8. திரும்பி வந்த பிறகு அதே ஆலோசனை நிலையத்தை மீண்டும் அணுகலாம். ஆலோசனை, கூர், பின்தொடர் கவனிப்பு ஆகிய மூன்றையும் ஒரே தொடராகவே அறக்கட்டளை வகுத்திருக்கிறது. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வீட்டு வேலையைப் பங்கிடுவது, பிள்ளைகளுக்குப் பகல் நேரக் காப்பகத்தில் இடம் பெறுவது, உளவியல் சிகிச்சையை உள்ளூரில் தொடர்வது போன்றவற்றுக்கு அங்கே உதவி கிடைக்கும். முதல் சந்திப்புக்கான நாளைக் கூர் மையத்திலிருந்து கிளம்புவதற்கு முன்பே குறித்துக்கொள்ளலாம்.